மிருகக்காட்சிசாலையில் சிங்கத்தைப் படம் பிடித்தல்

ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால், டில்லியிலும் குஜராத்திலும் வாழும் நாம் அவர்களை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்கிறோம். குழந்தைகள் முதலில் காண விழைவது சிங்கத்தைத்தான். அதுவோ மர நிழலில் உறங்கிக் கிடக்கும். படம் எடுக்க வந்தவர்கள் பொறுமையிழந்து கூச்சலிடுவர். சிலர் கல்லும் எறிவர். கை தட்டி எழுப்ப முயன்ற குற்றம் நமக்கும் ஒருமுறை உண்டு. சிங்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. படத்தில் அதன் முதுகே விழுந்தது.

ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை ஓய்ந்திருப்பது சிங்கத்தின் இயல்பு. அதனைச் சீண்டுவதையும் ஓசையால் தொல்லைப்படுத்துவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, காத்திருத்தலே படம் எடுப்போர் கற்க வேண்டிய முதற்பாடம். காலையிலும் மாலையிலும் வெயில் தணிந்திருக்கும்போது சிங்கம் நடமாடும். எழுமுன் அது பலமுறை கொட்டாவி விடும். முதற்கொட்டாவியைக் கண்டதும் காமிராவை ஆயத்தம் செய்தால் அடுத்தது தப்பாது. விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் ஒளியை விடுவது போதும்.

இடையே கம்பிவலை இருப்பின், வலையில் வெயில் படாத இடத்தைத் தேர்தல் வேண்டும். லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து, வலைக்கு வெகுதொலைவில் சிங்கம் நிற்கும்போது அதன் கண்ணைக் குறிவைத்தால், வலை மங்கி மறைந்துவிடும். மின்னல் விளக்கு வேண்டா. தடுப்பைத் தாண்டுதலும் கூடாது.

படத்தில் எதைக் காட்டுவது? ஜூனாகட்டில் 1863ஆம் ஆண்டில் தோன்றிய சக்கர்பாக் மிருகக்காட்சிசாலையில் வளர்வது ஆசியச் சிங்கம். வயிற்றின் அடியில் நீளவாக்கில் தொங்கும் தோல் மடிப்பு அதன் அடையாளம். ஆப்பிரிக்கச் சிங்கத்தினும் பிடரி குறைவாதலால் காதுகள் வெளியே தெரியும். பக்கவாட்டில் நின்று, தாழ்ந்த நிலையிலிருந்து எடுத்தால் இவ்விரண்டும் படத்தில் விளங்கும்.

ஒரு காலத்தில் மேற்கு ஆசியாவிலும் உலவிய இவ்வினம், இன்று இயற்கையில் குஜராத்தில் மட்டுமே வாழ்கிறது. கீர்க் காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 2025ஆம் ஆண்டில் எடுத்த கணக்கு 891 சிங்கங்கள். ஒரே வட்டாரத்தில் வாழும் இனத்தைக் கொள்ளைநோய் ஒன்றே அழித்துவிடக்கூடும். ஆதலால் காட்சிசாலைகளில் வளரும் சிங்கங்கள் வெறும் வேடிக்கைப் பொருளல்ல, இனத்தின் சேமநிதி.

அடுத்த முறை சிங்கம் உறங்கக் கண்டால், நாமும் நிழலில் அமர்ந்து காத்திருப்போம். அது தானே எழுந்து நம்மை நோக்கும் கணத்தில் எடுத்த படமே, ஊருக்கு அனுப்பத்தக்க படம்.