இருமல் நின்ற பிறகும் எதற்கு மாத்திரை?

எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானபோது வயது 42. 'ராஜமுக்தி' பட வேலைக்காகப் புனே போன இடத்தில் காசநோய் முற்றிவிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் இந்த நோயை அடக்கும் என்று பிரிட்டனில் முறைப்படி சோதித்து முடிவை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இன்று மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ யாருக்கு இது வந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. சில வாரங்களிலேயே இருமல் அடங்கி, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். மிச்ச மாத்திரை எதற்கு என்று கேட்காத நோயாளி குறைவு.

நியாயமான கேள்விதான். விடையில் ஒரு பங்கு கிருமிக்குள்ளேயே இருக்கிறது.

காசநோய்க் கிருமி தன்னையே முடக்கும் நஞ்சைத் தானே தயாரிக்கிறது. கூடவே அதற்கான முறிவையும். இரண்டும் அடுத்தடுத்த மரபணுக்களிலிருந்து பிறக்கும் புரதங்கள். நஞ்சு உறுதியானது, நாள்பட நிற்கும். முறிவு சீக்கிரம் சிதையும். ஓயாமல் செய்துகொண்டே இருந்தால்தான் நஞ்சு அடங்கிக் கிடக்கும். நுரையீரலில் வெள்ளணுக்கள் வளைத்துக்கொண்டு, இரையும் கிடைக்காமல் போனால் முறிவு தீர்ந்துவிடுகிறது. விடுபட்ட நஞ்சு, கிருமியின் ஆர்.என்.ஏ. இழைகளைக் குறிப்பிட்ட இடம் பார்த்து நறுக்குகிறது. புரத உற்பத்தி படுத்துவிடுகிறது, வளர்ச்சியும் நிற்கிறது. பாபநாசம் அணையில் தண்ணீர் அடைத்ததும் விதைநெல்லைப் பத்திரப்படுத்திவிட்டுக் காத்திருக்கும் சம்சாரி மாதிரி, கிருமி சாகாமல் நாள் பார்த்துக் கிடக்கிறது. ஐசோனியசிட் மாத்திரை, கிருமி தன் சுவரைக் கட்டவிடாமல் தடுத்துக் கொல்வது. சுவரே கட்டாமல் கிடப்பதை அது என்ன செய்யும்?

இத்தகைய ஜோடிகள் காசநோய்க் கிருமியிடம் ஏறத்தாழ 80. மனிதர்களுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத அதன் உறவுக்காரக் கிருமி ஸ்மெக்மாடிஸிடம் உள்ளவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியானால் நோயில் இந்த ஜோடிகளுக்குப் பங்கு உண்டா? நம் நாட்டு விஞ்ஞானிகளே இதைச் சோதித்திருக்கிறார்கள். 'மாஸ்எஃப்' என்ற வகை நஞ்சுகளில் மூன்றைக் காசநோய்க் கிருமியிலிருந்து ஒருசேர நீக்கி, கினிப் பன்றிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். கிருமியின் எண்ணிக்கையும் நோயின் கடுமையும் குறைந்தன. மருந்தைத் தாக்குப்பிடிக்கவும் அது திணறியது. முடிவு 2015இல் வெளியானது.

இந்தத் துறையில் அவசரம் ஆகாது. ஈ.கோலை கிருமியில் 10 ஜோடிகளை நீக்கியதும் மருந்துக்குத் தப்புவது வெகுவாகக் குறைந்ததாக 2011இல் வந்த ஆய்வு, 2018இல் திரும்பப் பெறப்பட்டது. சோதனைக் கிருமிகளுக்குள் வைரஸ் ஒன்று புகுந்து கணக்கைக் கெடுத்திருந்தது! ஆகவே உறக்கத்துக்கு இந்த ஜோடிகளே முழுக் காரணம் என்று நான் எழுத மாட்டேன். கிருமி உறங்குகிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

உறங்கும் கிருமி விழிக்கும்போது ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்கு மசியாத கிருமியும் தலைதூக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும்.