கருவுற்ற காலத்தில் இரத்த அழுத்தம்: உயிரணுக்களில் தோன்றும் காரணங்கள்

கருவுற்ற தாய்க்கு 20 வாரங்களுக்குப் பின்னர் இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டி, சிறுநீரில் புரதமும் காணப்படுமாயின், அது தாய், சேய் இருவர் உயிருக்கும் ஊறு விளைவிக்கவல்ல நோயாகும். முன்னாளில் இதனை ‘டாக்ஸீமியா’, அதாவது இரத்தத்தில் நஞ்சு கலந்த நிலை, என்று வழங்கினர். ஆயினும் அந்நஞ்சு யாது என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. இன்று இந்நோய் ‘பிரீ-எக்ளாம்சியா’ எனப்படுகிறது.

கரு வளரத் தொடங்கியதும், நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் கருப்பையின் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் வடிவத் தமனிகளை மாற்றியமைக்கின்றன. வயலுக்கு நீர் பாயும் வாய்க்காலை வெட்டி அகலப்படுத்துவது போல, குறுகிய தமனிகள் அகன்று இரத்தம் தாராளமாகப் பாய்கிறது. இப்பணி அரைகுறையாக நின்றுவிட்டால், நஞ்சுக்கொடிக்குப் போதிய ஆக்ஸிஜன் கிடைப்பதில்லை.

இவ்வாறு இடருற்ற நஞ்சுக்கொடி, எஸ்.எஃப்.எல்.டி.-1 என்னும் புரதத்தைத் தாயின் இரத்தத்தில் மிகுதியாகச் சேர்க்கிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை இப்புரதம் பற்றிக்கொண்டு, அவை பயன்படாதவாறு செய்கிறது. அதனால் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் பழுதுற்றுப் புரதம் கசிகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எஸ். அனந்த் கருமஞ்சியும் உடன் ஆய்ந்தோரும், கருவுற்ற எலிகளின் உடலில் இப்புரதத்தை மிகுவித்தபோது, அவற்றுக்கும் இவ்விரு குறிகளும் தோன்றின. இம்முடிவு 2003-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எனினும் தாய்மார் அனைவரிடத்தும் நோய் இவ்வொரு வழியிலேயே தோன்றுவதன்று. முன்னரே உள்ள இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியனவும் இதற்கு இடமளிக்கின்றன.

களப்பணியாளர் இதிலிருந்து அறியத்தக்கது ஒன்றுண்டு. பழுது தொடக்க மாதங்களிலேயே நேரலாம். குறியோ பல வாரங்கள் கழித்தே வெளிப்படுகிறது. ஆகவே, தாய் நலமாகத் தோன்றினும் ஒவ்வொரு சந்திப்பிலும் இரத்த அழுத்தத்தை அளத்தலும் சிறுநீரைச் சோதித்தலும் இன்றியமையாதன. விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் ஆகியவற்றை, ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு இவை இயல்பே’ என்று தள்ளிவிடாமல், உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அங்கு அளிக்கப்படும் மக்னீசியம் சல்பேட், வலிப்பு வராமல் தடுக்கப் பெரிதும் உதவுகிறது. 33 நாடுகளில் சுமார் 10,000 தாய்மாரிடத்து நடைபெற்று 2002-இல் வெளியான ஆய்வில், இம்மருந்து வலிப்பு நேரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது.

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி நீங்கிய பின்னரே நோய் தணியத் தொடங்கும். பிறப்புக்குப் பின் சில நாட்களிலும் வலிப்பு வருவதுண்டு. ஆதலின், தாய் வீடு திரும்பிய பின்னரும் அவள் இரத்த அழுத்தத்தை அளந்து வருதல் கடமையாகும்.