வாசிக்கப்படாத வன்தட்டு: நோயும் காரணமும் பரிகாரமும்

எழுத்தைத் தாங்கும் பொருள்கள் காலந்தோறும் வேறுபட்டு வந்துள்ளன. கல்லும் செப்பேடும் பனையோலையும் கடதாசியும் ஒன்றன்பின் ஒன்றாய் அப்பணியை ஏற்றன. இவை யாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. எழுத்தறிந்தான் ஒருவன் இவற்றைக் கையிலெடுத்து நேரே படிக்கலாம். ஓலை செல்லரித்திருப்பின் அவ்வரிப்பும் அவன் கண்ணுக்குப் புலனாகும். இக்காலத்து எழுத்தின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கும் கணினியின் வன்தட்டோ அத்தகையதன்று. அதில் உள்ளது காந்தப் பதிவு. கருவியின் துணையின்றி அது ஓரெழுத்தையும் காட்டாது; உள்ளிருப்பது சிதைந்ததோ சிதையாததோ என்பதும் புறத்தே தோன்றாது.

பழைய கணினி ஒன்று பழுதுற்றவிடத்து, அதன் வன்தட்டைக் கழற்றிப் புதிய கணினியில் இரண்டாவது தட்டாகப் பொருத்துதல் பலரும் கைக்கொள்ளும் வழக்கம். அவ்வாறு பொருத்தியபோது, கணினி அத்தட்டு இருப்பதையே அறியாதிருத்தலும், அறிந்தும் அதை வாசிக்க இயலாதென அறிவித்தலும், புதிதாக வடிவமைக்கட்டுமா என வினவுதலும் உண்டு. இந்நிலையில் உரியவர் எல்லாம் போயிற்று என்று தட்டைக் குப்பையில் இடுவர். அல்லது திரையில் தோன்றிய வினாவுக்கு ஆம் என்று விடையிறுப்பர். இரண்டும் அவசரத்தின் பாற்பட்டனவே. வாசிக்க முடியவில்லை என்பது ஒன்று. அழிந்துவிட்டது என்பது வேறொன்று. இவ்விரண்டையும் பகுத்தறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்தட்டின் அமைப்பு

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 350 என்னும் தட்டுக்கருவியே வணிகத்துக்கு வந்த முதல் வன்தட்டாகும். அது 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. 50 இலட்சம் எழுத்துக்களைச் சேமிக்க வல்லது. அளவு சுருங்கிக் கொள்ளளவு பெருகியதேயன்றி அதன் அடிப்படை இன்றும் மாறிற்றில்லை. காந்தப் பூச்சுடைய தட்டுகள் ஓர் அச்சிற் சுழல்கின்றன. மேசைக்கணினித் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்வன. சுழலும் தட்டின்மேல், அதனைத் தொடாது, வாசிக்கும் தலை மிதக்கின்றது. அண்மைக்காலத் தட்டுகளில் இவ்விடைவெளி சில நானோமீற்றரேயாம். தலைமயிரின் தடிப்பு இதனிலும் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. எனவே உள்ளே புகும் ஒரு தூசியும் அங்கே பெரும்பாறையாய் அமையும் என்பது எளிதில் விளங்கும்.

தட்டிலிருந்து ஒரு கோப்பு திரைக்கு வந்துசேர ஐந்து வாயில்களைக் கடத்தல் வேண்டும். முதலாவது மின்சாரம், இரண்டாவது தரவைக் கொணரும் வடமும் அதன் இணைப்பும், மூன்றாவது தட்டு எவ்வெப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கும் அட்டவணை, நான்காவது அப்பகுதியினுள் எக்கோப்பு எங்குள்ளது என்பதைக் கூறும் கோப்பு முறைமை, ஐந்தாவது தட்டின் மேற்பரப்பும் அதை வாசிக்கும் பொறியும். இவற்றுள் யாதொன்று அடைபடினும் விளைவு ஒன்றே: தட்டு வாசிக்கப்படாது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிந்த பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும் என்னும் மருத்துவ விதி இங்கும் பொருந்தும்.

புறத்தே உள்ள காரணங்கள்

ஆராய்ச்சி புறத்தே தொடங்கி அகத்தே செல்லுதல் முறை. என்னை? புறத்தே உள்ள பழுதுகள் மிகுதியும் நிகழ்வன. அவற்றைத் தீர்ப்பது எளிது. தீர்க்கும்போது எழுத்துக்கு ஊறு நேர்வதுமில்லை.

முதலிற் செவியே கருவி. மின்சாரம் கொடுத்தவுடன் தட்டு மெல்லிய ஒலியோடு சுழலத் தொடங்குதல் வேண்டும். ஒலியே இல்லையாயின் மின்னிணைப்பை நோக்குக. மேசைக்கணினிக்குரிய மூன்றரை அங்குலத் தட்டுக்கு 12 வோல்ற், 5 வோல்ற் என இருவகை மின்னழுத்தம் வேண்டும். யூ.எஸ்.பி. வாயில் இயல்பாகத் தருவதோ 5 வோல்ற் மட்டுமே. ஆதலின் இத்தகைய தட்டை யூ.எஸ்.பி. மாற்றியொன்றின் வழியாக இணைப்போர் தனி மின்வழங்கியையும் இணைத்தல் இன்றியமையாதது. மடிக்கணினிக்குரிய இரண்டரை அங்குலத் தட்டுக்கு 5 வோல்ற் போதுமாயினும், ஒரு வாயிலின் மின்னோட்டம் போதாமையால் அது சுழலத் தொடங்கி நின்றுவிடுதல் உண்டு.

மாறாக, சீரான இடைவெளியில் டிக், டிக் எனத் தட்டும் ஒலியோ உராயும் ஒலியோ கேட்குமாயின், மின்சாரத்தை உடனே நிறுத்துதல் வேண்டும். வாசிக்கும் தலை தன் இடத்தைக் காணாது தடுமாறுகின்றது என்பதற்கு அது அடையாளம். அந்நிலையில் தட்டை ஓடவிடும் ஒவ்வொரு கணமும் எஞ்சியுள்ள எழுத்தைச் சுரண்டும் கணமாகலாம்.

அடுத்து நோக்கற்பாலது தரவு வடம். 2003ஆம் ஆண்டளவில் சாட்டா என்னும் இணைப்பு முறை சந்தைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட தட்டுகள் பெரும்பாலும் ஐ.டி.ஈ. எனப்படும் 40 ஊசி இணைப்பு உடையன. இம்முறையில் ஒரே வடத்தில் இரு தட்டுகளை இணைக்கலாம். ஒன்று மாஸ்டர் எனவும் மற்றையது ஸ்லேவ் எனவும் குறிக்கப்படும். தட்டின் பின்புறத்தேயுள்ள ஜம்பர் என்னும் சிறு செருகியை இடம் மாற்றுவதனால் இக்குறிப்பு அமைக்கப்படும். இரண்டும் மாஸ்டராகவோ இரண்டும் ஸ்லேவாகவோ அமைக்கப்பட்டிருப்பின், ஒன்றேனும் இரண்டுமேனும் கணினிக்குத் தோன்றா. பழைய கணினியில் தனித்திருந்த தட்டை மற்றொன்றோடு சேர்க்கும்போது இதனை மறத்தல் பொதுவான தவறு. சில தட்டுகளில் தனித்திருக்கும் நிலைக்கும் துணையுள்ள மாஸ்டர் நிலைக்கும் வெவ்வேறு அமைப்பு உண்டாகையால், தட்டின்மேல் ஒட்டப்பட்டுள்ள விளக்கத்தைப் படித்தே ஜம்பரை மாற்றுதல் வேண்டும். ஊசிகளுள் ஒன்று வளைந்திருத்தலும் வடம் நைந்திருத்தலும் உண்டு. வேறொரு வடத்தை இட்டுப் பார்த்தல் செலவற்ற சோதனையாகும்.

கொள்ளளவு பற்றிய எல்லையொன்றும் அறியத்தக்கது. முந்திய ஐ.டி.ஈ. முறை தட்டின் கூறுகளை எண்ணுதற்கு 28 இரும இலக்கங்களையே பயன்படுத்தியது. ஒரு கூறு 512 பைற்று ஆதலின், அம்முறை ஏறக்குறைய 137 கிகாபைற்றுக்கு மேல் எண்ண வல்லதன்று. 2002ஆம் ஆண்டளவில் 48 இலக்க முறை வந்து அவ்வெல்லையை நீக்கிற்று. ஆயினும், பழைய தாய்ப்பலகையிலோ மாற்றியிலோ பெரிய தட்டொன்றை இணைத்தால் அது 137 கிகாபைற்று என்றே காட்டப்படலாம். இது தட்டின் குற்றமன்று, இணைப்பின் குற்றமே. அந்நிலையில் அதிலே எதனையும் எழுதலாகாது.

எல்லைக்கோடு

கணினியைத் தொடக்கும்போது தோன்றும் பயோஸ் என்னும் அமைப்புத் திரையில் தட்டின் பெயரும் சரியான கொள்ளளவும் காணப்படுகின்றனவா என்பதே தலையாய சோதனை. காணப்படின், மின்சாரமும் வடமும் சுழற்றும் மோட்டாரும் மின்சுற்றும் பெரும்பாலும் நன்னிலையில் உள்ளன. குறை எழுத்தைச் சார்ந்தது. காணப்படாவிடின், குறை புறத்தேயுள்ள இணைப்பிலோ பொறியிலோ இருத்தல் வேண்டும். மென்பொருள் எதுவும் அங்கே பயன்படாது. இச்சோதனையைச் செய்யாது மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏவுவோர் காலத்தை வீணாக்குவோராவர்.

எழுத்தைச் சார்ந்த காரணங்கள்

தட்டை அறிந்த கணினி அதன் கோப்புக்களைக் காட்டாமைக்குக் காரணங்கள் பல. அவற்றுட் சில நோயே அல்ல. விண்டோஸ் முறைமையில் தட்டின் பகுதிக்குரிய எழுத்துக் குறி வழங்கப்படாமையாலேயே அது மறைந்திருத்தல் உண்டு. தட்டு மேலாண்மைத் திரையில் ஒரு குறியை வழங்க அது தோன்றும். பழைய பயனரின் கோப்புறையைத் திறக்க அனுமதியில்லை எனக் கூறுவதும் அழிவன்று. உரிமையை மாற்றி அதனைத் திறக்கலாம். மறைகுறியாக்கம் செய்யப்பட்ட தட்டாயின் அதற்குரிய திறவுச்சொல்லைத் தேடுதலே வழி.

மெய்யான நோய் இரண்டு இடங்களில் நேரும். ஒன்று பகுதி அட்டவணை. இதனைக் காணி உறுதிக்கு ஒப்பிடலாம். உறுதி தொலைந்தவிடத்தும் காணியும் அதிலுள்ள வீடும் இருந்த இடத்திலேயே இருக்கும். எல்லை எதுவெனக் காட்டும் சான்றே இல்லையாகும். பழைய தட்டுகளில் இவ்வட்டவணை முதற்கூறின் 512 பைற்றுக்களுள் 64 பைற்று அளவினது. இச்சிறு இடம் பழுதுறின் முழுத்தட்டும் வெறுமையாகத் தோன்றும். மற்றையது கோப்பு முறைமை. இது நூலகத்தின் நூற்பட்டியலை ஒத்தது. பட்டியல் கிழிந்த நூலகத்தில் நூல்கள் அடுக்கிலேயே இருக்கும். எது எங்கேயென்று அறியவொண்ணாது.

இந்நிலையிலேதான் கணினி, தட்டைத் தொடக்கிவைக்கட்டுமா என்றும் வடிவமைக்கட்டுமா என்றும் வினவும். வினா அடக்கமாகத் தோன்றினும் பொருள் கொடிது. தொலைந்த உறுதிக்குப் பதிலாக வெற்றுறுதி எழுதுவதும், கிழிந்த பட்டியலின் இடத்தில் வெற்றுப் பட்டியலை வைப்பதுமே அச்செயல். விரைவு வடிவமைப்பாயின் நூல்கள் பெரும்பாலும் எஞ்சும். முழு வடிவமைப்பாயின், விண்டோஸ் விஸ்ராவும் அதற்குப் பிந்தியனவும் தட்டு முழுவதையும் வெற்றிலக்கங்களால் நிரப்பிவிடும். கோப்பு முறைமையைச் சீர்செய்யும் கட்டளையும் ஐயத்துக்குரியதே. அது பட்டியலை முரணற்றதாக்க முயலுமேயன்றிக் கோப்புக்களைக் காக்க முயல்வதன்று. பொருந்தாதனவற்றை நீக்கியும் அது தன் பணியை முடித்தல் கூடும்.

பிரதி முதல், பரிகாரம் பின்

தட்டின் உடல்நிலையைத் தட்டே ஓரளவு பதிந்து வைத்திருக்கும். ஸ்மார்ட் எனப்படும் அப்பதிவில், மாற்றிடம் பெற்ற கூறுகளின் எண்ணிக்கையும் வாசிக்க இயலாது ஐயத்தில் நிற்கும் கூறுகளின் எண்ணிக்கையும் உயர்ந்திருப்பின் மேற்பரப்பு நோயுற்றது என அறிக. தரவு கடத்தலிலே நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை மட்டும் உயர்ந்திருப்பின் ஐயுறற்பாலது வடமே.

நோய் எதுவாயினும் பரிகாரத்துக்கு முன் செய்யத்தக்கது ஒன்றே. தட்டு முழுவதையும், கூறு கூறாக, அதே கொள்ளளவோ அதனிலும் கூடிய கொள்ளளவோ உடைய வேறொரு தட்டுக்குப் பிரதி செய்தல் வேண்டும். லினக்ஸ் முறைமையில் இயங்குவதும் அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவரால் 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டதுமாகிய டிடிரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருள் இதற்கெனவே அமைந்தது. அது நல்ல பகுதிகளை முதலில் விரைந்து எடுத்துக்கொண்டு, பழுதுற்ற இடங்களைப் பின்னர் அணுகும். எடுத்தவற்றையும் எடாதவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதால், இடையிலே நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலம் எது, பிரதி எது என்பதைத் தட்டுகளின் தொடரிலக்கங் கொண்டு இருமுறை சரிபார்த்தல் வேண்டும். திசை மாறின் வெறுந்தட்டு மூலத்தின்மேல் எழுதப்பட்டுவிடும். பிரதி கிடைத்தபின், தொலைந்த பகுதி எல்லைகளைத் தேடிக் காணும் டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகளை அப்பிரதியின்மேல் ஏவலாம். பரிகாரம் தவறினும் மூலம் இருந்தபடி இருக்கும்.

மக்களிடையே வழங்கும் கைவைத்தியங்கள் சிலவற்றை விலக்குதல் நன்று. தட்டைக் குளிரூட்டியில் வைத்தால் வெளியே எடுத்தவுடன் ஈரம் படியும். மூடியைத் திறப்பின் தூசி புகும். மின்சுற்றுப் பலகையை அதே வகைத் தட்டொன்றிலிருந்து மாற்றுதல் மிகப் பழையனவற்றில் பயன்பட்டதுண்டு. பிந்தியவற்றில் ஒவ்வொரு தட்டுக்குமுரிய தனி அளவுகள் அப்பலகையிலே பதிந்திருத்தலின் அது பெரும்பாலும் பயனற்றது. பொறி பழுதுற்ற தட்டைத் தூசியற்ற அறையும் பயிற்சியும் உடைய வல்லுநரிடம் ஒப்படைத்தலே தக்கது. அதற்குச் செலவு மிகும். உள்ளிருப்பதன் பெறுமதியைத் துணிந்த பின்னரே அச்செலவைத் துணிதல் வேண்டும்.

முடிவுரை

தட்டு விலைக்குக் கிடைப்பது. அதிலுள்ள எழுத்து அவ்வாறு கிடைப்பதன்று. மறைந்த தாய் தந்தையரின் படங்களும், ஒருவர் பல்லாண்டு முயன்று எழுதிய ஆய்வும், பாடசாலையின் இடாப்பும் ஒரே தட்டில் ஒரே பிரதியாய்க் கிடத்தல் இன்று அரிதன்று. நம் முன்னோர் ஓலையின் ஆயுளை அறிந்திருந்தனர். அது முறியுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். அவ்வாறு பெயர்த்தெழுதப்படாது எஞ்சியவற்றைத் தேடியெடுத்து, 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, தொடுந்தோறும் சிதையும் ஏடுகளைக் கண்டு வருந்தினார். நோயுற்ற வன்தட்டும் அவ்வேட்டின் இயல்பினதே. வாசிக்க முயலுந்தோறும் அது தேய்கின்றது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, பிற இடங்களிற் பிரதியுள்ள நூல்களை மீண்டும் பெற முடிந்தது. பிரதியற்ற ஏடுகளோ மீளவில்லை. ஆகவே பழைய தட்டைக் கைக்கொள்வோர் அதனை வாசிக்க முடிந்த நாளிலேயே இரு பிரதிகள் எடுத்து, அவற்றை இரு வேறிடங்களில் வைப்பாராக. வாசிக்க முடியாத நாள் வந்துற்றதாயின், புறத்தே தொடங்குக, எதனையும் எழுதாதிருக்க, பிரதி செய்த பின்னரே பரிகாரம் தேடுக.