நாள்மீனும் கோள்மீனும்: சேர்வராயன் மலையில் ஒரு வான்நோக்கு

ஏற்காட்டின் தென்மேற்கு விளிம்பில் ‘லேடீஸ் சீட்’ என்று வழங்கும் பாறைத்திரள் இருக்கிறது. கதிர் மறைந்து அரைமணி கழிந்தபின் அங்கே நிற்பவர்க்கு இரண்டு வான்கள் தெரியும். ஒன்று தலைக்கு மேல் உள்ளது. மற்றொன்று ஆயிரம் மீட்டருக்கும் கூடுதலான பள்ளத்தில், சேலம் மாநகரின் விளக்குகளாய் விரிந்து கிடப்பது. மேல்வானைப் பயில விரும்புவோர் முதற்பாடத்தைக் கீழ்வானில் கற்கலாம்.

அந்த நகர விளக்குகள் நிலையாக எரிபவை. தெருவில் நின்று பார்த்தால் அசைவதில்லை. மலையிலிருந்து பார்க்கும்போதோ ஒவ்வொன்றும் நடுங்கித் துடிக்கிறது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த சமவெளியிலிருந்து எழும் சூட்டுக் காற்றும் மலைச்சரிவில் இறங்கும் குளிர்காற்றும் இடையே கலக்கின்றன. அந்தக் கலக்கத்தினூடே வரும் ஒளிக்கதிர் கணந்தோறும் வளைகிறது. விளக்கில் இல்லாத நடுக்கத்தை வழியில் உள்ள காற்று தருகிறது. விண்மீன் மின்னுவதும் இவ்வாறே. இனி மேற்கே நிமிர்ந்து பாருங்கள். வெள்ளி மாலையில் தோன்றும் காலமாயின், அத்தனை நடுக்கத்துக்கும் மேலே ஓர் ஒளி மட்டும் அசையாமல் நிற்கும். கோள் என்பதற்கு அதுவே முதற்குறி.

ஒளியின் அமைதி

வானத்து ஒளிகளைப் பழந்தமிழர் நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் இரண்டாகப் பகுத்தனர். தமக்குள் இடைவெளி மாறாமல் இரவுதோறும் ஒரே கோலத்தில் எழுவன நாள்மீன்கள். அவற்றினூடே இடம்பெயர்ந்து செல்வன கோள்மீன்கள். ‘கொள்’ என்னும் வினையடியிலிருந்து கோள் பிறந்தது, ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு ஒளிர்வதால் அப்பெயர் பெற்றது என்று விளக்குவாரும் உளர். சொல்லாய்வு எவ்வாறாயினும் இயற்பியல் அதுவே: கோளுக்குத் தன்னொளி இல்லை.

கோள் ஏன் மின்னுவதில்லை? விண்மீன்கள் பேருருவின; ஆயினும் தொலைவால் புள்ளியாகிவிட்டவை. இரவுவானின் மிகப் பொலிவான விண்மீனாகிய சிரியசு, ஒரு விகலையின் இருநூறில் ஒரு பங்கை ஒட்டிய அகலமே உடையது. விகலை என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு. வியாழனோ 30 முதல் 50 விகலை வரை அகன்று தோன்றும் வட்டில். வெறுங்கண்ணுக்கு அதுவும் புள்ளிதான். ஆனால் அந்தப் புள்ளி எண்ணற்ற ஒளியிழைகளின் தொகுப்பு. கார்த்திகை நாளில் திண்ணையில் ஒற்றை அகலை ஏற்றினால் காற்று வீசும்போதெல்லாம் அதன் படபடப்பு தெரியும். மதில் நெடுக நூறு அகல்களை ஏற்றித் தெருமுனையிலிருந்து பார்த்தால், ஒன்று தாழும்போது மற்றொன்று நிமிர்வதால் வரிசை முழுதும் அமைதியாக ஒளிரும். விண்மீன் ஒற்றை அகல்; கோள் அகல் வரிசை.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. தொடுவானை ஒட்டி நிற்கும்போது கோளும் நடுங்கும். அங்கிருந்து வரும் ஒளி, உச்சியிலிருந்து வருவதைவிடப் பன்மடங்கு நீண்ட காற்றுவழியைக் கடக்கிறது. கீழ்வானில் எழும் வெள்ளி சிவப்பும் பச்சையுமாய்ப் பளிச்சிடுவதைக் கண்டு வியப்பாரும் அஞ்சுவாரும் பலர். ஆகவே தீர்ப்புக்கு விரையலாகாது. கையை நீட்டி மடக்கிய முட்டி ஏறத்தாழப் பத்துப் பாகையை மறைக்கும்; சுண்டுவிரலின் அகலம் ஒரு பாகை. ஒளி தொடுவானத்திலிருந்து ஒன்றிரண்டு முட்டி உயரும்வரை காத்திருந்து பிறகு பார்க்க வேண்டும்.

கோள்கள் செல்லும் வழி

இரண்டாம் குறி இடம். கோள்கள் வானில் எங்கும் திரிவன அல்ல. புவியும் பிற கோள்களும் ஏறக்குறைய ஒரே தளத்தில் ஞாயிற்றைச் சுற்றுவதால், ஆண்டு முழுதும் ஞாயிறு செல்லும் வழியை ஒட்டியே அவையும் செல்லும். உரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நாள்மீன்கள் அவ்வழியின் மைல்கற்கள். வடக்கே எழுமீன் எனப்படும் ஏழு விண்மீன் கூட்டத்தின் பக்கத்தில் ஓர் ஒளி அசையாமல் நின்றால் அது கோள் அன்று.

ஏற்காட்டின் சிறப்பு இங்கேதான் புலப்படும். ஊர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் அமைந்த முகடு 1,623 மீட்டர். வளிமண்டலக் காற்றில் ஆறில் ஒரு பங்கும், தூசியில் பெரும்பகுதியும் நம் காலடிக்குக் கீழே தங்கிவிடுகின்றன. அதனினும் பெரிய பேறு ஊரின் அகலாங்கு. ஏற்காடு வடக்கே 11.8 பாகையில் உள்ளது. ஞாயிற்று வழி வான நடுக்கோட்டுக்கு வடக்கும் தெற்கும் 23.4 பாகை வரை விலகும். கணக்கிட்டுப் பார்த்தால், வழியின் தென்கோடியில் இருக்கும் கோளும் ஏற்காட்டில் நடுவானைக் கடக்கும்போது 55 பாகை உயரத்தில் நிற்கும். அதே கோள் இலண்டன் மாநகரில் 15 பாகையே எழும். புகைக்கும் கூரைக்கும் இடையே மங்கித் தெரியும்.

மாலையில் தொடுவானத்தோடு கோள்வழி உண்டாக்கும் கோணமும் இங்கு 55 பாகைக்குக் குறைவதில்லை. வடநாடுகளில் அது சிலவேளை படுத்தே கிடக்கும். எனவே ஞாயிற்றை விட்டு நெடுந்தொலைவு பிரியாத அறிவன் எனப்படும் புதனையும் வெள்ளியையும் காண வெப்பநாட்டு மலைகள் வாய்ப்பானவை. செங்குத்தான வழியாதலால் அவை மறையும் கதிருக்கு நேர்மேலே நிற்கும். அந்தியொளியும் விரைந்து அகன்று இடம்கொடுக்கும்.

ஐந்தின் அடையாளம்

வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படும் கோள்கள் ஐந்து. அவற்றுள் வெள்ளி ஐயத்துக்கு இடம்தராத பொலிவுடையது. ஆனால் அது ஞாயிற்றிலிருந்து 47 பாகைக்கு மேல் விலகாது. மாலையில் கதிர் மறைந்து ஏறத்தாழ மூன்று மணிநேரத்துக்குள் தானும் மறையும். அல்லது விடியலுக்கு முன் ஏறத்தாழ மூன்று மணிநேரத்துக்குள் விடிவெள்ளியாய் முளைக்கும். நள்ளிரவில் உச்சிவானில் ஒளிர்வது எத்துணைப் பொலிவாயினும் வெள்ளி அன்று, பெரும்பாலும் வியாழன். வெள்ளியின் ஒரு சுழற்சி 584 நாள். ஐந்து சுழற்சி முடியும்போது எட்டு ஆண்டுகள் நிறைவதால், இன்று அது நிற்கும் இடத்திலேயே எட்டாண்டு கழித்தும் நிற்கக் காணலாம். 2004 சூன் 8, 2012 சூன் 6 ஆகிய நாள்களில் வெள்ளி ஞாயிற்று வட்டிலைக் கடந்ததும் இக்கணக்கின்படியே.

அறிவன் ஞாயிற்றிலிருந்து 28 பாகைக்கு மேல் பிரியாதது. ஒவ்வொரு முறையும் சில நாள்களே கண்ணுக்குக் கிட்டும். சில்வர் ஓக் மரங்கள் சூழ்ந்த காப்பித் தோட்டத்துக்குள் நின்றால் அது மரவரிசைக்குள் மறைந்துவிடும். மாலையில் லேடீஸ் சீட், விடியலில் கீழ்த்திசை நோக்கிய பக்கோடா பாயிண்ட் என மலைவிளிம்பை நாடுவோர்க்கே அது வாய்க்கும்.

செவ்வாயை நிறம் காட்டிக்கொடுக்கும். ஆயினும் உரோகிணி, திருவாதிரை, கேட்டை என்னும் செந்நிற நாள்மீன்கள் நம்மை ஏமாற்றவல்லன. கேட்டைக்கு மேலைநாட்டார் இட்ட ‘அண்டாரசு’ என்ற பெயரே ‘செவ்வாய்க்கு மாற்று’ எனும் பொருளுடையது. மின்னும் சிவப்பு விண்மீன், மின்னாத சிவப்பு செவ்வாய் என்று பிரித்தறியலாம். செவ்வாயின் பொலிவு மாறிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 780 நாளுக்கு ஒருமுறை அது ஞாயிற்றுக்கு நேர் எதிரே வந்து பெரிதாய் ஒளிரும். 2003 ஆகத்து 27 அன்று 5.58 கோடி கி.மீ. அண்மையில் வந்து வியாழனோடு பொலிவில் போட்டியிட்டது. ஓராண்டு கழித்து ஏதோ ஒரு நடுத்தர விண்மீன்போல் மங்கிக் கிடந்தது.

வியாழன் வெண்மஞ்சள் ஒளியினது. விண்மீன் யாவற்றினும் பொலிவுடையது. ஏறத்தாழ 12 ஆண்டில் ஒரு சுற்று முடிப்பது. குடந்தை மகாமகம் 1992, 2004, 2016 என வருவதன் அடிப்படை இச்சுற்றுதான். மாசி முழுநிலவு மகத்தோடு கூடும் நாளில் வியாழனும் அப்பகுதியில் இருக்க வேண்டும் என்பது அவ்விழாவின் கணக்கு. குளத்தில் நீராடப் போன மக்கள் வானத்தில் ஒரு கோளின் பன்னீராண்டுப் பயணத்தை எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

காரி என்னும் சனி மங்கிய மஞ்சள் ஒளியோடு 29.5 ஆண்டில் ஒரு சுற்றுச் செல்வது. காரி இருமுறை சுற்றுவதற்குள் வியாழன் ஐந்துமுறை சுற்றிவிடும். இரண்டும் ஏறத்தாழ அறுபது ஆண்டு. அவ்விரண்டும் இருபதாண்டுக்கு ஒருமுறை கூடுகின்றன. 2020 திசம்பர் 21 அன்று அவற்றினிடையே இருந்த இடைவெளி முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கே.

அண்டை மலையின் சான்று

ஏற்காட்டிலிருந்து வடகிழக்கே நூறு கி.மீ. சற்றுக் கடந்தால் சவ்வாது மலையின் காவலூர். அங்குள்ள வான்நோக்கு நிலையம் கோளியலில் பெயர் பதித்தது. 1972 சூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் சாவகத் தீவின் நிலையமும் அதை அளந்தன. கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கு அது தொடக்கக் குறிப்பாயிற்று. 1977 மார்ச்சு 10 அன்று யுரேனசு ஒரு விண்மீனை மறைக்கும் முன்னரே அவ்விண்மீனின் ஒளி விட்டுவிட்டுக் குன்றியது. பறக்கும் வானூர்தியிலிருந்து நோக்கிய அமெரிக்க அறிஞர்களும், காவலூரில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அதைப் பதிந்தனர். யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அவ்வாறே.

அந்தக் கனிமீடைக் காணப் பெருங்கருவி வேண்டுவதில்லை. 10×50 வகை இருகண்நோக்கியை ஏந்தி, முழங்கையைப் பாறைமேல் ஊன்றி வியாழனைப் பார்த்தால், அதன் இருமருங்கும் ஒரே கோட்டில் இரண்டோ மூன்றோ நான்கோ ஒளித்துகள்கள் தெரியும். கலிலியோ 1610 சனவரியில் கண்டவை அவை. மறுநாள் அதே நேரத்தில் பார்த்தால் வரிசை மாறியிருக்கும். மலைக்குளிரில் கண்ணாடிமேல் பனிநீர் படியும். துடைத்துத் துடைத்தே பார்க்க வேண்டும். கைவிளக்குக்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொள்வது நன்று. கண் இருளுக்குப் பழக அரைமணி ஆகும். வெண்ணொளி ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும்.

ஏற்காட்டின் பெருந்தடை மூடுபனி. அதை நொந்துகொள்வோர் லெ சாந்தீ என்னும் பிரெஞ்சு அறிஞரை நினைத்துக்கொள்ளலாம். 1761இல் வெள்ளி ஞாயிற்றைக் கடப்பதை அளக்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட, அந்நாளில் கடல்நடுவே கப்பலில் இருந்தார். அடுத்த கடப்புக்காக எட்டாண்டு கீழைநாடுகளிலேயே தங்கி, 1769 சூன் மாதம் புதுச்சேரியில் கருவிகளோடு காத்திருந்தார். வேண்டிய காலை வேளையில் முகில் மூடிக்கொண்டது. ஆயினும் காத்திருந்த நாள்களில் தமிழ்க் கணியரிடம் வான்கணித முறையைக் கற்று, அதை எழுதித் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். ஏற்காட்டில் சனவரி முதல் மார்ச்சு வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஓர் இரவு மூடினும் மறு இரவு திறக்கும்.

மாசி மகத்து ஆய்வு

மூன்றாம் குறியே முடிவான சான்று: இடப்பெயர்ச்சி. மின்னாமையும் இடமும் ஓர் இரவில் காணத்தக்கவை. இதற்குப் பல இரவு வேண்டும். 2027 பிப்ரவரி அதற்கு ஏற்ற காலம். பிப்ரவரி 10ஐ ஒட்டி வியாழனும், 19 அன்று செவ்வாயும் ஞாயிற்றுக்கு நேர் எதிரே வருகின்றன. கதிர் மறையும்போது இரண்டும் கிழக்கே எழும். இரண்டும் மகத்தின் பக்கத்திலேயே இருக்கும். இரவு எட்டு மணிக்கு நன்கு உயர்ந்திருக்கும் மூன்று ஒளிகளில் மங்கலான நீலவெண்மை மகம், செம்மை செவ்வாய், மிகப் பொலிவானது வியாழன். 20 அன்று இரவு முழுநிலவும் அங்கே வந்து சேரும்.

ஒரு தாளும் கரிக்கோலும் போதும். பிப்ரவரி 9 அன்று மகத்தை நடுவில் குறித்து மற்ற இரண்டின் தொலைவை விரலால் அளந்து வரைக. பத்து நாள் கழித்து அதே தாளில் மீண்டும் வரைக. புவி தன் வட்டத்தில் அவற்றை முந்திச் செல்லும் காலமாதலால் இரண்டும் மேற்கு நோக்கிப் பின்செல்வதுபோல் தோன்றும்; இதனைப் பழையோர் வக்கிரம் என்றனர். செவ்வாய் நான்கு சுண்டுவிரல் அகலம் பெயர்ந்திருக்கும். அதனினும் சேய்மையில் உள்ள வியாழன் ஒரு விரலைச் சற்றே தாண்டியிருக்கும். மகம் குறித்த இடத்திலேயே இருக்கும்.

எது நாள்மீன், எவை கோள்மீன், கோள்களுள் எது நமக்கு அண்மையது என்ற மூன்று வினாவுக்கும் விடை அந்த ஒரு தாளில் கிடைத்துவிடும். பெயர் எழுதிய படத்தைப் பார்த்துச் சொன்ன விடை அன்று அது. ஏற்காட்டுக் குளிரில் தம் விரலால் அளந்து தாமே கண்டது.