அங்கீகாரமற்ற மனைப் பதிவுத் தடை (தமிழ்நாடு, 2016–2017)

அங்கீகாரமற்ற மனைப் பதிவுத் தடை என்பது, உரிய ஒப்புதல் பெறாத மனைப்பிரிவுகளில் உள்ள மனைகளையும் அவற்றில் கட்டப்பட்ட வீடுகளையும் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று பிறப்பித்த ஆணையைக் குறிக்கும். வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் இந்த ஆணை வந்தது. வேளாண் நிலம் வீட்டுமனையாவதைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கலாமா என்ற கேள்வியைத் தமிழ்நாடு முழுவதும் எழுப்பிய நிகழ்வு இது.

பின்னணி

1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் அப்போது ஊராட்சிக்கு இருந்தது. ஆனால் அதற்கு முன்பு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. பல இடங்களில் இந்த நிபந்தனை பின்பற்றப்படவில்லை. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் மனைகள் விற்கப்பட்டன. குறைந்த விலையில் கிடைத்ததால் மக்களும் வாங்கினர்.

டெல்டாவில் இதன் விளைவு

தஞ்சாவூர் மாவட்டத்தின் பூதலூர் வட்டம், கல்லணையைத் தன் எல்லைக்குள் கொண்டது. காவிரி நீர் பிரியும் தலைமடைப் பகுதி இது. தஞ்சாவூர்–திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையும் இவ்வட்டத்தின் வழியே செல்கிறது. இரு நகரங்களுக்கும் இடையில் அமைந்த இத்தகைய பகுதிகளில் நிலத்தின் மதிப்பை நெல் மட்டும் தீர்மானிப்பதில்லை.

நஞ்சையில் ஒரு வயலுக்கான நீர் வாய்க்காலிலிருந்தோ அடுத்த வயலின் மடையிலிருந்தோ வருகிறது. மிகுந்த நீர் வடிகாலில் இறங்குகிறது. நடுவில் உள்ள ஒரு வயலில் மண் கொட்டி மேடாக்கினால், கீழ்மடை வயலுக்குப் பாசனம் தடைப்படும். மேல்மடை வயலில் மழைநீர் தேங்கும். எனவே ஒருவர் நிலத்தை விற்பதன் விளைவு அவருடைய வரப்போடு நிற்பதில்லை.

வாதங்கள்

தடையை ஆதரித்தவர்கள், ஒருமுறை மனையான நஞ்சை மீண்டும் வயலாவது அரிது என்றனர். சாலை, வடிகால், பொது இடம் ஆகியவற்றுக்கு இடம் விடாத மனைப்பிரிவின் சுமை பின்னர் ஊராட்சியின் மீதே விழும் என்பதும் அவர்கள் வாதம்.

எதிர்த்தவர்களின் குறையும் சிறியதன்று. சேமிப்பைப் போட்டு ஏற்கெனவே மனை வாங்கியவர்கள் அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாமல் தவித்தனர். மகளின் திருமணத்துக்கோ கடனை அடைக்கவோ நிலத்தையே நம்பியிருக்கும் சிறு விவசாயிக்கு, விற்பனை நின்றால் வேறு வழி குறைவு. கட்டுமானத் தொழிலாளர்களின் வேலையும், அரசின் பதிவு வருவாயும் பாதிக்கப்பட்டன.

இந்த விவாதம் நடந்தபோது ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் ரத்தானதால் தனி அலுவலர்கள் நிருவகித்தனர். தஞ்சாவூர் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடைபெற்றது.

தீர்வு

நீதிமன்றம் 2017 மார்ச்சில் தடையைத் தளர்த்தி, ஏப்ரலில் மீண்டும் விதித்தது. அரசு 2017 மே 4 அன்று வரன்முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்ட பின் நிலைமை சீரடையத் தொடங்கியது. 2016 அக்டோபர் 20 வரை மனை விற்பனை பதிவான பிரிவுகள் கட்டணம் செலுத்தி வரன்முறை பெற அவ்விதிகள் வழிசெய்தன. நீர்நிலை, வாய்க்கால் ஆகியவற்றில் அமைந்த மனைகளுக்கு இச்சலுகை தரப்படவில்லை. வேளாண் நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கான தனி விதிகளும் அப்போதே வந்தன.

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர் மாவட்டத்துக்கும் பொருந்தும். ஆயினும் அது ஹைட்ரோகார்பன், உருக்காலை, தோல் பதனிடுதல் போன்ற தொழில்களையே தடுக்கிறது, வீட்டுமனைகளைத் தடுப்பதில்லை.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் தாகோ ஏரிப் பகுதியில், திட்டம் வகுக்கும் வரை 32 மாதங்கள் கட்டுமானம் நிறுத்தப்பட்டது. தற்காலிக நிறுத்தம் என்பதாலேயே அது இழப்பீடு தரவேண்டிய நிலப்பறிப்பு ஆகிவிடாது என 2002இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே நிறுத்தத்தின் நோக்கம் திட்டமிட அவகாசம் பெறுவது. தமிழ்நாட்டிலோ தடை முதலில் வந்தது. விதிகள் சுமார் எட்டு மாதங்கள் கழித்தே வந்தன. அந்த இடைவெளியின் சுமையைப் பெரிதும் தாங்கியவர்கள், விதிமீறலை அறியாமல் மனை வாங்கியவர்களே.