விண்கலம் சிதறியது வானத்தில். வறட்சிப் பணம் போனது பச்சைப் புல்லுக்கு!

மாட்டுக்கு ஒரு கீறல் கிடையாது. புல் வாடவில்லை. ஆனாலும் அரசாங்க நிவாரண செக் கைக்கு வந்தது!

கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த நிஜம் இது.

2003 பிப்ரவரி 1-ந்தேதி, சனிக்கிழமை காலை. பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்கலம் வானத்திலேயே உடைந்து நொறுங்கியது. அரியானாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட 7 பேரும் பலியானார்கள். கிழக்கு டெக்சாசில் நாகடோசஸ் ஊர்ப் பக்கம் உடைந்த பாகங்கள் மழையாகக் கொட்டின. அன்றே அதிபர் புஷ் அவசர நிலை அறிவித்தார்.

அதற்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

தலைக்கு 18 டாலர்

2002-ல் அமெரிக்காவில் கடும் வறட்சி. நெப்ராஸ்கா, கொலராடோ, தெற்கு டகோட்டா மாநிலங்களில் மேய்ச்சல் நிலம் கருகியது. தீவனம் போட வழியின்றி, பல விவசாயிகள் வந்த விலைக்கு மாடுகளைத் தள்ளிவிட்டார்கள். தேர்தலும் நெருங்கியது. செப்டம்பர் மாதம் கால்நடை நிவாரணத் திட்டத்தை அரசு அறிவித்தது.

கறவை மாட்டுக்கு 31 டாலர் 50 சென்ட். இறைச்சி ரகப் பசுவுக்கு 18 டாலர். ஒருவருக்கு அதிகபட்சம் 40 ஆயிரம் டாலர். 100 கறவை மாடு இருந்தால் 3,150 டாலர்!

"உனக்கு எவ்வளவு நஷ்டம்?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மாட்டை எண்ணினார்கள், செக் எழுதினார்கள். அவர் இருக்கும் 'கவுண்டி' (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பாதிக்கப்பட்ட பகுதி என்று அறிவிக்கப்பட்டிருந்தால் போதும்.

திறந்தது கதவு

முதலில் வறட்சிக்கு மட்டும்தான் பணம். 2003 பிப்ரவரியில் வந்த புதுச் சட்டம், "எந்தப் பேரிடரானாலும் சரி" என்று கதவைத் திறந்துவிட்டது. விண்கலம் விழுந்த பகுதியும் உள்ளே வந்தது. பனிப்புயல் அடித்த இடம், பூமி அதிர்ந்த இடம் எல்லாம் வந்தன!

2006-ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அரசு ஆவணங்களைத் துருவியது. குட்டு உடைந்தது. மொத்தச் செலவு சுமார் 120 கோடி டாலர். அதில் குறைந்தது 63 கோடியே 50 லட்சம் டாலர், வறட்சி மிதமாக இருந்த அல்லது வறட்சியே இல்லாத பகுதிகளுக்குப் போயிருந்தது. எல்லாம் மக்களின் வரிப்பணம்!

விவசாயிகள் திருடவில்லை. சட்டம் கொடுத்தது, வாங்கிக்கொண்டார்கள். வீடு வீடாக நஷ்டத்தை அளந்துகொண்டிருந்தால் உதவி வருவதற்குள் மாடு செத்துப்போகும் என்பதும் நியாயம்தான்.

ஆனால், நிலம் கருகி நின்றவருக்கும் பசுவுக்கு 18 டாலர். புல் பச்சையாக இருந்தவருக்கும் அதே 18 டாலர். இது என்ன கணக்கு?

2008-ல் புது முறை வந்தது. மாடு செத்தால் ஆதாரம் காட்டவேண்டும். அப்போது சந்தை விலையில் 75 சதவீதம் கிடைத்தது. மேய்ச்சல் நஷ்டத்துக்கு வறட்சி வரைபடம் பார்க்கிறார்கள். மேய்ச்சல் பருவத்தில் தொடர்ந்து 8 வாரம் கடும் வறட்சி இருந்தால் பணம் உண்டு என்பது அன்றைய விதி.

மாட்டை எண்ணுவது சுலபம். காய்ந்த நிலம் எது என்று பார்ப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைப் படாததற்கு விலை, 63 கோடி டாலருக்கு மேல்!