எஸ்தரும் தூக்கம் வராத ராஜாவும்

எபிரேய வேதத்திலுள்ள எஸ்தர் புத்தகத்துக்குப் பத்து அதிகாரங்கள், 167 வசனங்கள். பாரசீக ராஜா அகாஸ்வேருவின் பேச்சு பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கடவுளின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அற்புதம் இல்லை, தீர்க்கதரிசி இல்லை, ஜெபம் என்ற சொல்லும் இல்லை. இந்த மௌனம் ஆதியிலிருந்தே பலரை உறுத்தியிருக்கிறது. கிரேக்க எஸ்தரில் மொர்தெகாயின் கனவும் எஸ்தரின் ஜெபமும் சேர்ந்து அந்தக் குறையை நிரப்பின. கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் இப்பகுதிகள் இன்றும் உண்டு. சீர்திருத்த சபையார் வாசிக்கும் வேதாகமத்தில் இல்லை. கி.பி. 367இல் ஆயர் அத்தனாசியு வேதநூல்களை வரிசைப்படுத்தியபோது எஸ்தரை அதில் சேர்க்காமல், வாசிக்கத் தகுந்த பிற நூல்களோடு வைத்தார். மார்ட்டின் லூத்தருக்கும் இந்நூல் பிடிக்கவில்லை. ஆனாலும் கடவுளின் பராமரிப்பைப் பற்றி, அதாவது அவர் உலகத்தைப் படைத்துவிட்டு ஒதுங்காமல் அதைத் தாங்கி நடத்துகிறார் என்ற நம்பிக்கையைப் பற்றி, கிறிஸ்தவர்கள் கற்றுக்கொள்ள செங்கடல் பிளந்த கதையைவிட இந்தப் புத்தகமே உதவும் என்பது என் எண்ணம். கடல் பிளப்பதை நம்மில் யாரும் பார்த்ததில்லை. எஸ்தரில் நடப்பவை நம் நாட்களில் நடப்பவை போன்றவை.

யூதர்களை அழிக்க நாள் குறிப்பதற்காக மந்திரி ஆமான் முதல் மாதமான நிசானில் ‘பூர்’ என்னும் சீட்டைப் போடுகிறான். அது கடைசி மாதமான ஆதாரில் விழுகிறது. தப்ப வழிதேட ஏறக்குறைய ஒரு வருஷம் கிடைத்துவிடுகிறது. பிறகு ஓர் இரவு ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. நாளாகமத்தைக் கொண்டுவந்து படிக்கச் சொல்கிறான். வாசற்காவலர் இருவர் தன்னைக் கொல்லப் போட்ட சதியை மொர்தெகாய் என்ற யூதன் வெளிப்படுத்தியது அதில் இருக்கிறது. அதற்கு அவனுக்கு ஒரு மரியாதையும் செய்யப்படவில்லை என்று ஊழியர்கள் சொல்கிறார்கள். அதே நேரம், அந்த மொர்தெகாயைத் தூக்கில் போட ஐம்பது முழ உயரத்துக்கு மரம் நாட்டிவிட்டு, அனுமதி கேட்க வெளிமுற்றத்தில் வந்து நிற்கிறான் ஆமான். ராஜா கனம்பண்ண விரும்பும் மனிதனுக்கு என்ன செய்யலாம் என்று அவனிடமே கேட்கிறான் அரசன். தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்து ராஜவஸ்திரம், குதிரை, வீதி ஊர்வலம் என்று அடுக்குகிறான் ஆமான். அத்தனையையும் மொர்தெகாய்க்குச் செய்யும்படி உத்தரவாகிறது. யூதப் பெண்ணான ராணி எஸ்தர், தன் மக்களுக்கான மனுவை இன்னும் வாய் திறந்து சொல்லவே இல்லை. கதை திரும்பிய அந்த இரவை மனிதர் யாரும் திட்டமிடவில்லை.

இதெல்லாம் தற்செயல்தானே, கடவுளை நாமாகக் கொண்டுவந்து நுழைக்கிறோமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இந்தப் புத்தகத்தை வைத்துக் கடவுளை நிரூபிக்க முடியாது. ஆனால் சீட்டு மடியில் விழுந்தாலும் அதன் முடிவு கடவுளுடையது என்று நீதிமொழிகளில் படித்த யூத வாசகனுக்கு, ஆமானின் சீட்டு வெறும் சீட்டாக இருந்திருக்காது. யூத மரபுநூலான தல்மூத்தின் ரபிகள் ‘எஸ்தர்’ என்ற பெயரிலேயே, உபாகமத்தில் கடவுள் தம் முகத்தை மறைப்பேன் என்று சொன்ன எபிரேயச் சொல்லின் ஓசையைக் கேட்டார்கள். மொர்தெகாய் பேசும் விதமும் முக்கியமானது. எஸ்தரிடம், நீ சும்மா இருந்தாலும் யூதர்களுக்கு வேறோரிடத்திலிருந்து ரட்சிப்பு வரும் என்கிறான். ஆனால் எஸ்தர் ராணியானது இந்த வேளைக்காகத்தானா என்னும் இடத்தில், யாருக்குத் தெரியும் என்றுதான் கேட்கிறான். பராமரிப்பை நம்புகிறவன் இந்த அடக்கத்தோடுதான் பேச முடியும். ‘எல்லாம் கடவுள் சித்தம்’ என்று கையைக் கட்டிக்கொள்ளவும் இங்கே இடமில்லை. அழைப்பில்லாமல் ராஜாவிடம் போனால், அவன் பொற்செங்கோலை நீட்டாவிட்டால் மரணம். மூன்று நாள் உபவாசத்துக்குப் பிறகு எஸ்தர் போகத்தான் செய்கிறாள்.

ஒன்பதாம் அதிகாரம் இதைவிடக் கடினமானது. யூதர்கள் எதிரிகளில் 75,000 பேரைக் கொன்றதாக எபிரேய நூல் சொல்கிறது. யூதர்களை அழிக்கச் சொன்ன ஆமானின் பழைய கட்டளையை ரத்துசெய்ய பாரசீகச் சட்டம் இடம் தரவில்லை, இது தற்காப்பு, கொள்ளைப் பொருளை அவர்கள் தொடவில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் சூசான் நகரில் கூடுதலாக ஒரு நாள் கேட்டு வாங்கிக் கொன்றதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. பராமரிப்பை நம்பினால் நியாயப்படுத்தியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. யோசேப்பு தன் சகோதரர்களை மன்னித்தபோது, அவர்கள் நினைத்தது தீமை என்பதை மறைக்கவில்லை. அதைக் கடவுள் நன்மையாகத் திருப்பினார் என்றான். தீமை தீமையாகவே இருந்தது.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி, தப்பாதவர்களைப் பற்றியது. ஹிட்லரின் ஆட்சியில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டபோது எந்த ராஜாவுக்கும் தூக்கம் கெடவில்லையா? யூதர்களுக்கு எதிராக லூத்தர் 1543இல் எழுதியதைச் சுமந்துகொண்டிருக்கும் கிறிஸ்தவர்கள், இதற்குச் சுலபமான பதில் சொல்லும் உரிமையை இழந்தவர்கள். ஆனால் யூத, கிறிஸ்தவ மரபுகள் இரண்டிலும் ஒரே கூக்குரல் இருக்கிறது. எஸ்தர் ராஜாவை நோக்கிப் போகையில், விக்கிரகங்கள் இருந்த மண்டபத்தை எட்டியதும் கடவுளின் பிரசன்னம் தன்னை விட்டு நீங்கியதை உணர்ந்து, என்னை ஏன் கைவிட்டீர் என்ற 22ஆம் சங்கீதத்தின் தொடக்கச் சொற்களால் கதறினாள் என்கிறது தல்மூத். மத்தேயுவும் மாற்கும் அதே சொற்களைச் சிலுவையில் தொங்கும் இயேசுவின் வாயில் பதிவுசெய்கிறார்கள். சிலுவையில் அந்தக் கேள்விக்கு வானத்திலிருந்து குரல் எதுவும் எழவில்லை. எஸ்தர் புத்தகத்திலும் எழவில்லை. அவள் நடந்துபோய் ராஜாவின் உள்முற்றத்தில் நின்றாள்.